பேசாமல் விட்ட பாதி

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் படிப்பிக்கப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, போரைப் படிப்பிக்காதீர்கள் என்பதுதான். துப்பாக்கி, குதிரை, தாடி வைத்த ஜெனரல்கள் எல்லாம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அதற்கு ஒரு வகுப்புப் போதும். மிச்ச நாட்களைப் போருக்கு முந்திய முப்பது வருடத்துக்குக் கொடுங்கள்.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர், கனடாவில், ஸ்காபரோவில் நான் முதன்முதல் வேலைக்குப் போன பள்ளிக்கூடத்தின் வரலாற்றுப் பகுதித் தலைவர். வெள்ளைக்காரர், பேச்சுக் குறைவு. ஒருநாள் என் பாடத்தைப் பார்க்கக் கடைசி வரிசை வாங்கில் வந்து இருந்தார். நான் போர்க்களங்களைச் சிவப்பும் நீலமுமாகக் கீறி வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் பக்கத்தில் வந்து, "நீ யுத்தத்திலிருந்து வந்தவள். உன்னுடைய நாட்டில் யுத்தத்துக்கு முன்னர் ஆட்கள் எதைப் பேசாமல் விட்டார்கள்?" என்று கேட்டார். இலங்கையின் மொழிச் சட்டம், பல்கலைக்கழக அனுமதி என்று நான் அடுக்கினேன். "அதெல்லாம் பேசியவைதானே," என்றார். நான் கரும்பலகையை அழிக்கத் திரும்பினேன். அவரும் வற்புறுத்தவில்லை.

உங்களில் ஒருவர் எனக்கு எழுதிக் கேட்டிருந்தார், கஷ்டமான மாணவர்களை எப்படிச் சமாளித்தீர்கள் என்று. கஷ்டமான மாணவன் ஒருவனும் எனக்கு வாய்க்கவில்லை, தம்பி. கஷ்டமான ரீச்சர் ஒருத்தியை எனக்குத் தெரியும். அவளைப் பற்றித்தான் இப்போது எழுதப் போகிறேன். ஆறுதலாக வாசியுங்கள், ஆறுதல் தருகிற கதை இல்லை.

பதினோராம் வகுப்பு அமெரிக்க வரலாற்றில் நான் விரும்பிப் படிப்பித்த பகுதி ஒன்று உண்டு. ஆயிரத்து எண்ணூற்று முப்பதுகளில் அடிமை முறையை ஒழிக்கச் சொல்லி அமெரிக்கக் காங்கிரசுக்கு மனுக்கள் குவிந்தன. தெற்கு மாநிலத்தார் கொதித்தார்கள். நாடு பிரிந்துவிடும் என்று நடுவில் நின்றவர்களுக்குப் பயம். ஆகவே பிரதிநிதிகள் சபை ஒரு விதி கொண்டு வந்தது: அடிமைகள் பற்றி எந்த மனு வந்தாலும் வாசிக்காமல், விவாதிக்காமல் ஒரு பக்கத்தில் வைத்துவிட வேண்டும். வாய்ப்பூட்டு விதி என்று அதற்குப் பெயர். எட்டு வருடம் அந்தப் பூட்டு இருந்தது. பூட்டப் பூட்ட மனுக்கள் கூடின. தெற்கில் அதற்கு முன்பே, அடிமை ஒழிப்புப் பிரசுரங்கள் வந்த தபால் மூட்டைகளை எரித்திருந்தார்கள். கடைசியில் ஒரே வேதத்தை வாசித்த கிறிஸ்தவத் திருச்சபைகளே வடக்கு வேறு தெற்கு வேறு என்று உடைந்தன.

இதை நான் நன்றாகப் படிப்பிப்பேன், பெருமைக்குச் சொல்லவில்லை. "ஒற்றுமைக்காக என்று சொல்லித்தான் வாயை மூடச் சொல்வார்கள். யாருடைய ஒற்றுமை என்று கேளுங்கள்," என்று வருடா வருடம் சொல்லுவேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.

நான் ஓய்வுபெற மூன்று வருடம் இருக்கும்போது சாருஜன் என் வகுப்புக்கு வந்தான். இங்கே பிறந்த பெடியன், தகப்பன் யாழ்ப்பாணம். ரெக்ஸ்டேலில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தகப்பனுக்குப் பின்னேர ஷிஃப்ட். தாய் இல்லை, இரண்டு வருடத்துக்கு முன்னர் நோய் வருத்தத்தில் போய்விட்டார். சாருஜன் கை உயர்த்தாமலே கேள்வி கேட்கிறவன், அதற்காக நான் இரண்டு தடவை ஏசியிருக்கிறேன்.

வாய்ப்பூட்டு விதியைப் படிப்பித்த அன்று அவன் கேட்டான்:

"மிஸ், எங்கட ஆக்களிட்டை இருந்ததா? ஸ்லேவரி?"

வகுப்பில் பாதித் தமிழ்ப் பிள்ளைகள். சோமாலியப் பிள்ளைகள், ஜமேக்கப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இல்லை. எங்களுக்குச் சாதி இருந்தது. அது வேறு," என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அடுத்தநாள் நூலகப் புத்தகம் ஒன்றைக் கொண்டு வந்து என் மேசையில் திறந்து வைத்தான். யாழ்ப்பாணத்து வழக்கங்களை ஒல்லாந்தர் காலத்தில் எழுதி வைத்த தேசவழமைச் சட்டம் பற்றிய புத்தகம். "சொத்து எண்டு போட்டு ஆக்களையும் எழுதியிருக்கு, மிஸ். பிள்ளையளுக்குப் பிரிச்சுக் குடுக்கிறது, சீதனமாய்க் குடுக்கிறது எல்லாம் இருக்கு. பிரிட்டிஷ்காரர் ஏயிட்டீன் ஃபோர்ட்டி ஃபோரில நிப்பாட்டினவை. வாய்ப்பூட்டு ரூலை எடுத்ததும் அதே வருசம்தான். ஸேம் இயர், மிஸ்."

அது எனக்குத் தெரியாது என்றால் பொய். தேசவழமையைக் காணி வழக்குச் சட்டமாக எல்லோருக்கும் தெரியும். அதில் அடிமைகளைப் பற்றி ஒரு பகுதி இருப்பதும் படித்த எங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் கூப்பிடாமலே வந்து, வளவுக்குப் பின்பக்கத்தால் நுழைந்து வேலை செய்துவிட்டுப் போன ஆட்களை நான் பார்த்து வளர்ந்தவள். அவர்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையில் தேத்தண்ணீர் ஊற்றியது என் கை. அதை என்னவென்று சொல்வது என்று யோசிக்கும் அவசியம் எனக்கு வரவே இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வருடமும் வரலாற்று மாலை என்று ஒரு நிகழ்ச்சி வைப்போம். பிள்ளைகள் தங்கள் ஆய்வைப் பெற்றோர் முன்னால் பத்து நிமிடம் சொல்ல வேண்டும். சாருஜன் தன் தலைப்பை எழுதித் தந்தான்: பாதி அமெரிக்காவின் வாய்ப்பூட்டு, பாதி யாழ்ப்பாணத்தின் வாய்ப்பூட்டு. இரண்டாவது பாதியில் தன் தகப்பன் வழி ஆட்களின் கதையைச் சொல்லப்போவதாக அடியில் குறித்திருந்தான். அப்போதுதான் எனக்கு விளங்கியது, வகுப்பில் அவன் கேட்ட கேள்வி தெரியாமல் கேட்டதல்ல.

குடும்பக் கதை என்றால் வீட்டில் சம்மதம் கேட்க வேண்டும் என்பது முறை. தகப்பனுக்குப் போன் எடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அவர் வேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் எடுத்தேன். அவர் மறுத்தால் என் தலையில் ஒன்றும் விழாது.

வேலையிடத்து மெஷின் சத்தத்துக்குள் அவர் குரல் கேட்டது. நான் யார் என்று சொன்னேன். பிறகு, சாதி அறிய எங்கள் ஆட்கள் எல்லோரும் போனில் செய்கிற வேலையை நானும் செய்தேன்.

"ஊரிலை எவடம்?"

ஊரின் பெயரைச் சொன்னார்.

"அதிலை எவடம்?"

அவர் அப்பால் நடந்தார் போல, மெஷின் சத்தம் தள்ளிப் போனது.

"நீங்கள் கேக்கிறது எனக்கு விளங்குது, ரீச்சர். குளத்துக்கு அங்காலை. நீங்கள் நினைக்கிற ஆக்கள்தான்."

மன்னிப்புக் கேட்கவில்லை. பெடியனின் ஆய்வைப் பற்றி அவசர அவசரமாகச் சொன்னேன்.

"ஓம், எனக்குச் சொன்னவன். சொல்லட்டும், ரீச்சர். இஞ்சை வந்த நாள் தொடக்கம் ஆரும் ஊர் கேட்டால் நான் யாழ்ப்பாண ரவுண், பட்டணம் எண்டுதான் சொல்லுறது. இத்தினை வருசமாய் ரவுண்தான். மனுசி சாகும் மட்டும் அவவும் ரவுண்தான். இவனுக்கு உது வேண்டாம். நான் லீவு போட்டிட்டு வாறன், முன்னுக்கு இருந்து கேக்கவேணும்."

போனை வைத்துவிட்டுச் சந்தோஷப்பட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அந்தச் சந்தோஷம் நாலு நாள் நின்றது.

ஐந்தாம் நாள் சாந்தி போன் எடுத்தாள். என் ஊரவள், என்னைவிட வயது குறைந்தவள், இப்போது மில்லிக்கனில் வீடு. அவளுடைய மகளும் அதே வகுப்பு. வரலாற்று மாலைக்கு வடை, ரோல்ஸ், தேத்தண்ணீர் எல்லாம் வருடா வருடம் சாந்தியின் பொறுப்பு. நல்ல மனுசி. வருத்தம் துன்பம் என்றால் முதலில் சாப்பாட்டோடு வந்து நிற்பவள்.

"அக்கா, உந்தப் பெடியன்ர விசயம் பிள்ளை வந்து சொன்னவள். இஞ்சை நாங்கள் சாதி பாக்கிறமே?"

"இல்லை," என்றேன்.

"பாக்காத ஒண்டைப் பிள்ளையளுக்கு ஏன் காட்டிக் குடுப்பான்? மற்ற நாட்டு ஆக்கள் எல்லாம் வந்து இருப்பினம், எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்? எங்களுக்கு வெளியிலை இருக்கிற பிரச்சினை போதாதே, இப்ப எங்களுக்குள்ளையும் பிரிஞ்சு நிக்கவோ? நாலு அம்மாமார் வரமாட்டம் எண்டு நிக்கினம், அக்கா. நான்தான் மறிச்சு வைச்சிருக்கிறன்."

இதே வாதத்தை, இதே வரிசையில், நான் வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். நாடு பிரிந்துவிடும், வெளியில் உள்ளவன் சிரிப்பான், இல்லாத சண்டையை ஏன் மூட்டுவான். கரும்பலகையில் இருக்கும்போது அதன் ஓட்டை பளிச்சென்று தெரியும். சாந்தியின் குரலில் வரும்போது அது நியாயமாக, அன்பாக, வீட்டுச் சாப்பாட்டு மணத்தோடு வந்தது.

உப அதிபரிடம் போனேன். அவருக்கு எங்கள் சமூகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரியாது என்று ஒப்புக்கொள்கிற நேர்மையும் இருந்தது. "உன்னுடைய ஆட்கள், உன்னுடைய பாடம். நீ எடுக்கிற முடிவுக்குப் பின்னால் நான் நிற்பேன்," என்றார். எந்த முடிவுக்கும் பின்னால் நிற்க ஆள் தயார், முடிவுதான் என்னிடம் இல்லை.

அந்த இரண்டு நாளில் நான் யார் யாரோடு கதைத்தேன் என்று கவனியுங்கள். சாந்தியோடு இரண்டு தடவை. உப அதிபரோடு. வீட்டில் என் மனுசனோடு. அவர் "உனக்கேன் உந்த வேலை, பென்சன் எடுக்கிற நேரத்திலை" என்றார். சாருஜனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனுடைய தகப்பனைக் கேட்கவில்லை. நெருக்கடி வந்தால் சத்தம் போடுகிறவர்களோடுதான் கதைப்போம், நம்பியிருக்கிறவர்கள் சத்தம் போடாமல் இருப்பதால் அவர்கள் ஞாபகத்துக்கு வருவதில்லை. உங்களுக்கும் இது நடக்கும். நடக்கும்போது, யாரோடு இன்னும் கதைக்கவில்லை என்று ஒரு துண்டில் எழுதிப் பாருங்கள். நான் எழுதிப் பார்க்கவில்லை.

வரலாற்று மாலைக்கு முந்திய நாள் பள்ளி விட்டபிறகு சாருஜனை மறித்தேன்.

"அமெரிக்கப் பகுதி திறம். அதை மட்டும் சொல்லு. ரெண்டையும் சொல்ல நேரம் காணாது."

"நீங்கதான் பத்து நிமிசம் எண்டு சொன்னீங்க, மிஸ். நான் டைம் பண்ணிப் பார்த்தனான். நைன் மினிட்ஸ்."

"அது வாசிக்க. மேடையிலை கூட எடுக்கும்."

அவன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். பதினாறு வயதுப் பிள்ளை, தாயைப் பறிகொடுத்த பிள்ளை, முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"மிஸ், இது அந்த ரூல்தானே?"

"இல்லை. அது வேறை."

"எப்பிடி வேறை?"

"பிறகு கதைப்பம்," என்றேன். பதில் இல்லாத ரீச்சர்மார் சொல்கிற பதில். பிறகு, "அப்பாவிட்டை நீயே சொல்லிவிடு," என்றும் சொன்னேன்.

"நீங்க சொல்லுங்க, மிஸ். நான் சொல்லமாட்டன்," என்று பையைத் தூக்கிக்கொண்டு போனான்.

தகப்பனின் நம்பர் என் மேசை லாச்சிக்குள் இருந்தது. அன்று பின்னேரம் லாச்சியை இரண்டு தடவை திறந்தேன். அவன் எப்படியும் வீட்டில் சொல்லிவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பூட்டினேன்.

அடுத்தநாள் ஆறரை மணிக்குக் கபிட்டேரியா நிறைந்துவிட்டது. நாலு அம்மாமாரும் வந்திருந்தார்கள். முதல் வரிசையில் நடுக்கதிரையில், மடிப்புக் குலையாத வெள்ளைச் சேட்டோடு ஒருவர் இருந்தார். சாருஜனின் தகப்பன் என்று கேட்காமலே எனக்குத் தெரிந்தது. ரெக்ஸ்டேலிலிருந்து அரைநாள் லீவில் மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார். கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டு, கோயிலில் பூசை தொடங்கக் காத்திருப்பவர் மாதிரி இருந்தார்.

அப்போதும் நேரம் இருந்தது. அவருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து சொல்லியிருக்கலாம். மேடைக்குப் பின்னால் போய்ப் பெடியனிடம், "முழுக்கச் சொல்லடா, வாறது வரட்டும்," என்று சொல்லியிருக்கலாம். நான் மைக் வேலை செய்கிறதா என்று பார்த்தேன்.

சாருஜன் அமெரிக்கப் பாதியை மட்டும் சொன்னான். ஒரு நாடு வாய் திறக்காமல் இருந்தால் பிரியாமல் இருக்கலாம் என்று நம்பி, தன்னையே பூட்டிக்கொண்ட கதையை, ஆங்கிலத்தில், தாளைப் பார்க்காமல் சொன்னான். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ஐந்து நிமிடத்தில் முடித்து, "தாங்க் யூ" என்றான். நல்ல கைதட்டல். சாந்தியும் தட்டினாள், நிம்மதியோடு தட்டினாள். முதல் வரிசையில் அந்த மனுசன் எழுந்து நின்று தட்டினார்.

நிகழ்ச்சி முடிந்து சனம் தேத்தண்ணீர் மேசைக்குப் போகத் தொடங்கியபோது அவர் மகனையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"ரீச்சர், என்ர இங்கிலிஷ் வேலைக்குக் காணும், உதுகளுக்குக் காணாது. ஸ்லேவ் எண்டு சொன்னது விளங்கினது, சட்டம் எண்டது விளங்கினது. எங்கட கதையைத்தானே சொன்னவன்?"

சாருஜன் என்னைப் பார்த்தான். விடையை எனக்கென்று விட்டுவிட்டான்.

"ஓம்," என்றேன்.

இதை ஏன் சொன்னேன் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே பல காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவர் மனம் நோகக்கூடாது என்று சொன்னதாகக் கொஞ்சக்காலம் நம்பினேன். பயந்து சொன்னேன், அவ்வளவுதான்.

அவர் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். "இவ்வளவு எங்கட சனம் இருந்து கேட்டது, ரீச்சர். ஒருத்தரும் எழும்பிப் போகேல்லை. கைதட்டினவை. பார்த்தீங்களே?"

பிறகு அவர் தேத்தண்ணீர் மேசைக்கு நடந்தார். நான் பின்னால் போயிருக்க வேண்டும், போகவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் சாந்தியும் அம்மாமாரும் நின்றார்கள். "நான் சாருஜன்ர அப்பா, இப்ப கதைச்ச பெடியன்," என்றார் சிரித்துக்கொண்டு. பிறகு ஒருவரும் கேட்காமலே தன் ஊரின் பெயரைச் சொன்னார். குளத்துக்கு அங்காலை என்றார். எல்லோரும் அறிந்துவிட்ட விஷயத்தைச் சொல்வது போல, தலை நிமிர்ந்து, அறைக்குக் கேட்கச் சொன்னார்.

"அப்பிடியோ," என்றாள் சாந்தி. முகத்தில் சிரிப்பு மாறவில்லை. கைப்பைக்குள் கார்த் திறப்பைத் தேடத் தொடங்கினாள். ஒருத்தி மகளைக் கூப்பிட்டாள், இன்னொருத்திக்கு வீட்டில் வேலை இருந்தது. ஒருவரும் ஒரு கெட்ட சொல் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. அவர் கடுதாசித் தட்டில் ஒரு வடையோடு தனியே நின்றார்.

"ஏன் எல்லாரும் ஒரேயடியாய்ப் போயினம்?" என்று மகனைக் கேட்டார்.

"அப்பா, நான் சொல்லேல்லை," என்றான் சாருஜன். "எங்கட பார்ட்டை நான் சொல்லவே இல்லை. மிஸ் விடேல்லை."

அவர் மகனைப் பார்த்தார், பிறகு தூரத்தில் நின்ற என்னைப் பார்த்தார், பிறகு திரும்பவும் மகனைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்தது. மகன்மேல் வந்தது.

"பொய் சொல்லாதை. ரீச்சர் ஓம் எண்டு சொன்னவ. ரீச்சர் பொய் சொல்லுவாவே?"

சாருஜன் என் பக்கம் திரும்பினான். வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது போலக் காத்திருந்தான்.

நான் கதிரைகளை அடுக்கத் தொடங்கினேன்.